ஒரு மூடி

வின்னிபெக்கில் மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாம் இரவாக
இருமலைத் தலையணைக்குள் அமுக்குகிறேன்.
ஐந்து கிழமைப் பிள்ளை, மெல்லிய நித்திரை.

நிரோஜன் தன் இருமல் பாணியை எடுத்து வருகிறான்,
போன வருடத்து மிச்சம்,
கழுத்தெல்லாம் பிசுபிசுப்பு.
"ஒரு மூடிதானே. குடிச்சிட்டுப் படும்."

லேபிளில் அவன் பெயர் மட்டும் அழியவில்லை.
மற்றதை ஈரம் தின்றுவிட்டது.
ஒரு சொல்லின் வால் மிச்சம்: டீன்.

இரவு முழுதும் திறந்திருக்கும் மருந்துக் கடைக்கு
போன் எடுத்தேன்.
மரிசெல் என்றொருத்தி.
என்ன இருமல் என்று கேட்க முதல்
"பால் கொடுக்கிறீங்களா?" என்றாள்.

வாலை வாசித்தேன்.
கோடீன், என்றாள். மூடி வையுங்கள்.
அது பாலில் இறங்கும்.
பிள்ளை அசந்து தூங்கும்,
மூச்சும் கூடவே அசரலாம்.
தேன் உங்களுக்கு ஆகும்,
அவளுக்கு ஒரு வயது மட்டும் ஆகாது.
காலையில் டொக்டரிடம் காட்டுங்கள்.
அந்தப் போத்தலை இங்கே கொண்டு வாருங்கள்,
தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

நிரோஜன் கேத்திலை வைக்கிறான்.
என் பக்கம் திரும்பவில்லை.
தேன் போத்தலின் மூடி
அவன் கைக்கு இறுகிக் கிடக்கிறது.

நாலு மணிக்கு அவள் முலை தேடுகிறாள்.
இருமல் வருகிறது.
இரண்டு பேரும் குலுங்குகிறோம்.
அவள் வாயை எடுக்கவில்லை.