அலைக்குறி இரண்டு

பாசையூர்க் கடற்றொழிலாளர் சங்கத்தின் கணினி
மாசி மாதம் புகைவிட்டுச் செத்தது.
திறந்தால் உள்ளே உப்பு.
தாய்ப்பலகையின் செப்புக்கோடெல்லாம்
பச்சை பூத்திருந்தது.
வன்தட்டு மட்டும் உயிரோடு.

அதற்குள்ளேதான் கடன் கணக்கு.
நிரலை எழுதிக் கொடுத்தவர்
இப்போது ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறாராம்,
தொலைபேசி எடுக்கிறாரில்லை.
தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விண்டோஸ் தவிர
வேறெந்தப் படியிலும் அது கால் வைக்காது.
என் மடிக்கணினியில் கோப்பைத் திறந்து பார்த்தேன்:
தமிழெல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தாய் உதிர்ந்து,
மெய்யெழுத்தின் புள்ளி ஒவ்வொன்றும்
அரைப்புள்ளியாகி நின்றது,
எந்தச் சொல்லும் இன்னும் முடியவில்லை என்று.

ஸ்ரான்லி வீதியில் என் கடைக்கு
சங்கத்து இலிகிதர் எமிலியானா
வேறொரு பெட்டியை ஓட்டோவில் ஏற்றி வந்தார்.
ஸ்காபரோவிலிருந்து யாரோ அன்பளிப்பு.
நினைவகம் ஒரு கிகாபைற்.
"கூடத்தான் கிடக்கு, பிள்ளை. இனி ஓடும்."

ஓடவில்லை.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து:
தொடங்கப் போதிய நினைவகம் இல்லை.

"கூடக் குடுத்தாலும் காணாது எண்டுது,
இதென்ன, சீதனக் கதையோ?"

சிரித்து முடித்துத்தான் சொன்னேன்.
இதைச் செய்தவர்கள்
ஐந்நூற்றுப் பன்னிரண்டுக்கு மேல்
ஒருவரிடமும் இராது என்று நினைத்தார்கள்.
அதற்கு மேல் கொடுத்தால்
எது எங்கே கிடக்கிறதென்று குறிக்கத் தொடங்கும்,
குறிக்கிற கொப்பியே மேசையெல்லாம் பரவும்,
வேலை செய்ய இடமிராது.

ஒரு துண்டைக் கழற்றி வைத்தேன்.
அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதினேன்:
இவ்வளவுக்கு மேல் எடுத்து வைக்காதே.
முகில் மிதக்கும் நீலத்திரை வந்தது.
கணக்குகளைப் பிரதி எடுத்தேன்.

இதற்கிடையில் கிறகோரி.
நாலு நாளாய் வாசலில், சைக்கிளில் சாய்ந்தபடி.
"தங்கச்சி, அது செத்ததுதானே?"
முதல் நாள் வெறுங்கை.
அடுத்த நாள் ஒரு பை ஒட்டி மீன், வேண்டாமென்றேன்.
பிறகு நண்டு.
நண்டை வாங்கினேன். பொய் சொல்லமாட்டேன்.

ஐந்தாம் நாள் எமிலியானா நிரலைத் திறந்தார்.
அதற்குப் பெயரென்றால் எட்டெழுத்து.
நீண்ட பெயரை ஆறில் நறுக்கி
அலைக்குறி போட்டு இலக்கம் கொடுக்கும்.
கிறகோரி மரியநாயகம், அலைக்குறி ஒன்று.
கிறகோரி மரியதாஸ், அலைக்குறி இரண்டு.

வாசலில் நிற்பவர் மரியநாயகம்.
அலைக்குறி ஒன்றில் நிலுவை சைபர்.
அவர் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார்.
அலைக்குறி இரண்டில் இயந்திரக் கடன்,
எண்பத்தேழாயிரத்து நானூறு.

எமிலியானா கண்ணாடியைக் கழற்றினார்.
"மரியதாஸ் கடலுக்குப் போய் வரேல்லை.
மனிசி வலை தைச்சுக் கட்டி முடிச்சவள்.
கடைசி ரசீது நான் எழுதினது."

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும் சுற்றியது.
பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.
அலைக்குறிக்குப் பின்னால் வரும் இலக்கம்
ஆளுக்கு உரியதல்ல.
முதலில் வந்தவருக்கு ஒன்று, பிந்தியவருக்கு இரண்டு.
நான் அகர வரிசையில் பிரதி எடுத்தேன்.
அவர்கள் கடன் வாங்கிய வரிசை வேறு.

அழித்தேன். திகதிப்படி
ஒவ்வொன்றாய்த் திரும்ப ஏற்றினேன்.
இருநூற்றுப் பதினாறு பேர்.
வெளியே பள்ளிக்கூடம் விட்டு வெள்ளைச் சட்டைகள் போயின,
தேநீர் ஆறித் தோல் படிந்தது,
கிறகோரி போகவில்லை.

இரண்டாம் தரம் பெயர்கள் தங்கள் கடனோடு வந்து நின்றன.
அவர் எட்டிப் பார்த்தார்.
திட்டுவாரென்று நினைத்தேன்.
"வட்டி கூடத்தான் ஏறியிருக்கு" என்றார்,
ஊரில் ஒரு பிள்ளை வளர்ந்துவிட்டதைப் பற்றிச் சொல்வதுபோல.

நண்டுக்கு எவ்வளவு என்று கேட்டேன்.
சைக்கிளைத் திருப்பிக்கொண்டே சொன்னார்:
"அதை ஒண்டிலயும் எழுதிப்போடாதை, தங்கச்சி."