நாலாவது பெட்டி

கொழும்பு நேரம் விடிய ஐந்தரைக்கு
சேர்வரை நிறுத்துவதாக அறிவித்திருந்தார்கள்.
வேறெங்கோ அது நள்ளிரவு.

நான் இரண்டு மணிக்கே போய்விட்டேன்.
வெள்ளவத்தை, நாலாம் மாடி.
மின்விசிறியை நிறுத்தினால்தான் மைக்கில் என் குரல் எடுபடும்.
நிறுத்தினேன். வியர்த்தது.

உப்புத்தீவுச் சந்தையில் அப்படியொரு கூட்டத்தை
ஒன்பது வருடத்தில் கண்டதில்லை.
செத்த வீட்டுக்கு மட்டும் வருகிற சொந்தக்காரர் மாதிரி
விட்டுப்போனவர்களெல்லாம் வந்திருந்தார்கள்,
பழைய கேடயத்தோடு,
மறந்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்த கதையோடு.

யாரோ வாள்களைப் படிக்கட்டில் கொட்டிவிட்டுப் போனார்.
எடுப்பாரில்லை.
அதில் ஒன்றுக்காகத்தான் போன வருடம்
தினுக்கவும் ஷிஹாமும் இரண்டு மாதம் கதைக்காமல் இருந்தார்கள்.
அது தன்பாட்டில் மின்னிக்கொண்டு கிடந்தது.

ஷிஹாம் கடன் தீர்க்க வந்தான்.
நாற்பது பொற்காசு.
வேண்டாமடா, விடிந்தால் அது காசே இல்லை என்றேன்.
'அது உங்கட பிரச்சினை அக்கா, கடன் என்ட.'
வாங்கினேன். எண்ணியும் பார்த்தேன்.
முப்பத்தொன்பது.
சொல்லவில்லை.

இதெல்லாம் விளையாட்டுத்தானே என்று
அலுவலகத்தில் கேட்டால் ஓம் என்றுதான் சொல்வேன்.
கரண்ட் இல்லாத அந்த வருடம்
தினுக்க இரண்டு இரவு பெற்றோல் வரிசையில் கிடந்தபோது
உப்புத்தீவில் அவனுடைய ஆடுகளுக்கு
ரவுட்டரைக் கார் பற்றரியில் கொழுவி
நான்தான் தண்ணீர் காட்டினேன்.
பதினேழு ஆடு. ஒன்றும் சாகவில்லை.
இதை அலுவலகத்தில் எப்படிச் சொல்வது.

கறுத்தக்கொழும்பான் மட்டும்
படகுத்துறையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.
அது மாம்பழத்தின் பெயர். ஆளின் பெயர் தெரியாது.
நூற்றுப்பன்னிரண்டு வகை மீனில்
இன்னும் ஒன்றுதான் மிச்சமாம்,
மழை பெய்தால் மட்டும் கடிக்கிற ஒன்று.
மழை வருமா என்று தினுக்க கேட்டான்.
நேரம் இருக்கு என்றான்.

அவனைப்பற்றி எனக்கொன்று தெரியும்.
அவன் மைக்கில் ரயில் போகும்.
கடலோரப் பாதை, அதே ஊதல்,
ஓரிரு நிமிடம் கழித்து என் ஜன்னலை அதிர வைக்கிற அதே ரயில்.
கோட்டைக்குப் போகிறதென்றால் முதலில் அவனிடம்.
திரும்பி வருகிறதென்றால் முதலில் என்னிடம்.
ஆக, தெஹிவளை.
தண்டவாளத்தை ஒட்டிய ஏதோவொரு ஒழுங்கை.
மூன்று வருடமாகக் கணக்கு வைத்திருக்கிறேன்,
ஒரு நாளும் சொன்னதில்லை.
சொன்னால் எங்காவது ஒரு பிளேன்டீ குடிக்க வேண்டிவரும்.
அவனுக்கு ஒரு முகம் வந்துவிடும்.
எனக்கும்.

ஐந்து இருபதுக்கு
எல்லோரும் தொலைபேசி நம்பர் கொடுத்துக்கொண்டார்கள்.
தினுக்க தன்னுடையதை மூன்று மொழியிலும் சொன்னான்,
பிழையாக எழுதிவிடுவோமாம்.
கறுத்தக்கொழும்பான் மிதப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.
நான் மைக்கை மூடிக்கொண்டேன்.

மழை வரவில்லை.

ஐந்து இருபத்தொன்பதுக்கு
அவன் பக்கம் ரயில் வந்தது.
முதலில் ஊதல்,
பிறகு தண்டவாள மூட்டில் தடக்கென்று ஒவ்வொரு பெட்டியாக.
ஒன்று. இரண்டு.
யாரோ அழுகிற மாதிரி, அல்லது சிரிக்கிற மாதிரி.
மூன்று.
'அக்கா, உங்களுக்கும் இந்த ரயில்...' என்றான் கறுத்தக்கொழும்பான்.
நாலாவது பெட்டியில்
திரை கறுத்தது.
இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று
மரியாதையாக ஒரு வரி.

ஹெட்செட்டைக் கழற்றவில்லை.
கழற்றாமலே கேட்டது.
அவனைத் தாண்டி வந்த ரயில்
மேசையிலிருந்த கோப்பையைக் கிலுக்கிக்கொண்டு
கோட்டைப் பக்கம் போனது.
ஜன்னலில் நின்று,
முதல் நாலு பெட்டியையும் விட்டுவிட்டு
ஐந்திலிருந்து எண்ணினேன்.