கூடு

ஓமருருவில் அந்த மானின் பெயர் கூடு.
தமிழ்க் காதுக்கு அது வேறொன்றாகவும் கேட்கும்.

வெமுனா அதன் தோலைக்
கையுறை கழற்றுவதுபோல் உரித்துவிட்டாள்.
காதுகளைக் குருத்தெலும்பிலிருந்து புறந்திருப்பி,
உதட்டை உள்ளிருந்து பிளந்து,
இமையோரம் வந்ததும் மூச்சடக்கி,
பிறகு கல்லுப்பு, கைகொள்ளும் மட்டும்.
திருகுக் கொம்புகள் வெளியே
டீசல் பீப்பாயில் கொதிக்கின்றன.

விமானம் ஏறுமுன் ஒருமுறை வந்தார்
கிராட்ஸ் நகரத்துப் பல்மருத்துவர் ப்ரைட்னர்.
இடதுகாது கிழிந்திருக்கிறதே, தைத்துவிடுங்கள்.
பார்வை எந்தப் பக்கம்? என்றாள்.
என்னை நேராக.
அது உங்களைப் பார்த்ததா?
அவர் கைப்பேசியில்
வரவேற்பறைச் சுவரின் படத்தைத் தேடினார்.

வெள்ளை ஃபோம் வார்ப்பு மேசைமேல் காத்திருந்தது,
காதில்லாமல், யாருமில்லாமல்.
கண்ணாடிக் கண்கள்
முப்பத்தாறு மில்லிமீட்டர், பஞ்சில் பொதிந்து.
பசை இறுகுமுன் தோலை ஏற்றி
இமைகளைக் களிமண்ணுக்குள் செருகினாள்.
கூடு விட்டுக் கூடு.

காதைத் தைத்தாள்.
சிறுத்தையோ முள்ளோ,
ஏதோ ஒன்றிடம் தப்பியதற்கு
அது வைத்திருந்த ஒரே சாட்சி.

குண்டு புகுந்த துளையைத் தைக்க வேண்டியிருக்கவில்லை.
அது தோளுக்கு ஒரு சாண் பின்னால்,
வெட்டுக்கோட்டுக்கு அப்பால்,
சுவர் தொடங்கும் இடத்தில்.

மீதித் தோலை அவர் கேட்கவில்லை.
வெமுனாவின் பழைய வண்டியில்
ஓட்டுநர் இருக்கைமேல் விரித்திருக்கிறது.
துளை, முதுகு சாயும் இடத்தில்.