விருந்தினர் பக்கம்

எங்கள் ஊரின் பெயர் பிறை.
முழுநிலவாகிற சமயம் பார்த்து
யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்
எங்கள் ஹாக்கி குழுவை வாங்கினார்கள்.
பதினெட்டு ஆட்டக்காரர்கள், மட்டைகள், ஐஸ் பெட்டி,
அந்த நீல நிறத்தையும் சேர்த்து.
கோலாலம்பூரில் நீலத்தின் மேல்
ஒரு காப்புறுதி நிறுவனத்தின் பெயரைத் தைத்தார்கள்.

காரணம் மரியாதையாகத்தான் சொன்னார்கள்:
ஊர் சின்னது.
விளம்பரப் பலகையைப் பார்க்கக் கார்கள் போதாது.
மழை வேறு.
அங்கே பெய்யாதா என்று கேட்டவர்
குர்டிப் சிங் ஒருவர்தான்.
அவருக்கு ஒரு குடை கொடுத்தார்கள்.

சாமான் ஏற்றிய லோரியை ஜூரு டோல் வரை
ரொஸ்லான் மோட்டாரில் துரத்திப் போனான்.
மோட்டாருக்கு டோல் கிடையாது,
நினைத்திருந்தால் கோலாலம்பூரே போயிருக்கலாம்.
மறுநாள் அவனுக்குக் காலை ஷிப்ட்.

நான் புள்ளிப் பலகைக்காரி.
கோல் விழுந்தால் ஏணியில் நாலு படி ஏறி
எண் தகட்டை மாற்றி மாட்டுகிறவள்.
எங்கள் கோல் என்றால் இரண்டே எட்டு.
தகடுகளை யாரும் கேட்கவில்லை,
வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
ஏழின் மேல் வைத்து மீன் அரிந்தேன்.
பூஜ்யம் தண்ணீர்த் தொட்டிக்கு
அளவெடுத்துச் செய்த மூடி.

இந்த வருஷம் தவனேசன் ஒரு கணக்கோடு வந்தார்.
இரண்டாயிரம் பேர்
முழுப் பருவத்துக்கும் முன்பணம் கட்டினால்
குழுவைத் திருப்பி அனுப்புவதைப் பற்றி
யோசிப்பதைப் பற்றிப்
பேசுவார்களாம்.

ஆலை வாசலில், நாசி லெமாக் வரிசையில்
நோட்டோடு நின்றோம்.
கோயில் பந்தியில் கையெழுத்துக் கேட்காதே என்று
தலைவர் கடிந்தார்,
ரசம் வருவதற்குள் தனக்கு இரண்டு இடம் எழுதினார்.
லிம் சூன் கியாட்டின் மனைவி சொன்னாள்:
"ஹாக்கி எனக்குப் பிடிக்காது.
ஆனால் அவர்கள் இருந்தவரைக்கும்
வெள்ளிக்கிழமை இவர் வீட்டில் இருந்ததில்லை.
மூன்று எழுதிக்கொள்."

ஆயிரத்து அறுநூற்று நாற்பத்து மூன்று.
அங்கே தரை தட்டிவிட்டது.

பிறகு கடிதம் வந்தது.
ஒரே ஓர் ஆட்டம், உள்ளூர்ப் பையன்களோடு.
கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறோம்.
மறுவீட்டுக்கு அனுப்புகிறார்கள் பெண்ணை,
வாசலில் கார் எஞ்சினை நிறுத்தாமல்.

தொட்டியைத் திறந்து
பூஜ்யத்தை நார் போட்டுத் தேய்த்தேன்.
பாசி போனது, வெள்ளையும் கொஞ்சம் போனது.

பலகையில் இரண்டு பத்தி:
இல்லத்தார், விருந்தினர்.
நீலத்தின் பெயரை எங்கே மாட்டுவது?
நடுவர் தாளைப் பார்த்து விரலை நீட்டினார்.
மாட்டினேன்.
கை நடுங்கியதென்று எழுத ஆசைதான்,
நடுங்கவில்லை.
ஏணிதான் ஆடியது.

வந்திருந்தார்கள், எல்லாரும்.
நோட்டில் இல்லாதவர்களும், குடையோடு குர்டிப் சிங்கும்.
மூன்றாம் பகுதியில்
முன்பு பிறையை மிதித்தே இராத ஒரு பையன்
வலது ஓரத்திலிருந்து அறைந்தான்.
உள்ளே.

மைதானமே எழுந்தது.
ரொஸ்லான் அழுதான்.
நான் இரண்டே எட்டில் மேலே இருந்தேன்,
விருந்தினர் பக்கம், கையில் ஒன்றோடு.

அப்போது பார்த்தேன்.
எங்கள் கோல்காவலன் புவனேந்திரன்,
பின் தெருப் பையன், இரவில் கிடங்கு வேலை,
வலையிலிருந்து பந்தை எடுத்தபடி
கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான்.
"டேய், நான்தான்டா இந்த ஊர்க்காரன்."
யாருக்கும் கேட்கவில்லை.
ஏணி மேல் எனக்குக் கேட்டது.

ஆட்டம் முடிந்து
நல்ல கூட்டம், தகவல் சொல்கிறோம் என்று
பேருந்து ஏறிப் போனார்கள்.
தவனேசன் அது போன திசையில்
கையாட்டிக்கொண்டே இருந்தார்.

தகடுகளைக் கழற்றும்போது புவனேந்திரன் வந்தான்.
காற்காப்பு ஒன்றுக்கு வார் அறுந்திருந்தது.
"அக்கா, அடுத்த வெள்ளி எங்களுக்கு ஆட்டம் இருக்கு.
யாரும் வரமாட்டாங்க.
பலகை இருந்தா நல்லா இருக்கும்."

பதில் ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பும் வழியில்
தொட்டிக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி வாங்கினேன்.
எட்டு வெள்ளி தொண்ணூறு சென்.