இருபத்து மூன்று இடது கால்கள்

பனசங்கரியில் விடிகாலை மூன்று ஐம்பது.
விமான நிலைய பஸ்ஸில் ஏறுகிறேன்,
எங்கும் பறக்கப் போகாதவன்.
மடியில் சாம்பல் நிறப் பெட்டி. என்னுடையது அல்ல.
நேற்றிரவு தில்லியிலிருந்து வந்த அலுப்பில்
சுழலும் பட்டையிலிருந்து அவசரமாய் எடுத்தது.
வீட்டில் திறந்தால்
இருபத்து மூன்று ஷூ.
எல்லாம் இடது கால்.
கவிழ்த்துப் போட்டு இரண்டு முறை எண்ணினேன்.
வலது என்று ஒன்றுகூட இல்லை.

சில்லறை இல்லாமல் ஐந்நூறை நீட்டியதற்கு
கண்டக்டர் ரேணவ்வா திட்டுகிறாள்.
அவளுடைய வடகர்நாடகக் கன்னடம்
சோளரொட்டி தட்டும் சத்தம்போல் இருக்கிறது.

முன் சீட்டில் ஒருவர்
மூன்று சட்டை, ஸ்வெட்டர், அதன்மேல் கம்பளிக் கோட்டு.
பதினைந்து கிலோதான் அனுமதியாம்;
மிச்சத்தை உடுத்திக்கொண்டுவிட்டார்.
கோட்டுப் பையிலிருந்து இஸ்திரிப்பெட்டியின் ஒயர்
வால்போலத் தொங்குகிறது.
லால்பாக் தாண்டியதும் வேர்வை தாளாமல்
ஒவ்வொன்றாய்க் கழற்றினார்.
கடைசியில் உள்ளே
மிக ஒல்லியாய் ஒரு மனிதர் இருந்தார்.

பக்கத்தில், குக்கர் வளையங்களை
முழங்கைவரை வளையலாய் அடுக்கிய பெண்.
டப்ளினிலும் கிடைக்கும், ஆனால் விசில் வராது
என்கிறாள், யாரும் கேட்காமலே.

கடைசி வரிசையில் சீருடைப் பெண்ணொருத்தி
அணைந்த போனின் கறுப்பில் முகம் பார்த்து
சிரிப்பை ஒத்திகை பார்க்கிறாள்.
நான்காவது தடவை சரியாய் வந்தது.
உடனே தூங்கிப்போனாள்,
சிரிப்பை எட்டு மணி ஷிப்டுக்கு எடுத்து வைத்துவிட்டு.

நண்பனை வரவேற்கப் போகும் இரண்டு பையன்கள்
ஆங்கிலத்தில் 'வெல்கம்' என்று பலூன் கொண்டுவந்தார்கள்,
எழுத்துக்கு ஒரு நூல், ஏழு நூல்.
மேக்ரி சர்க்கிளில் கதவு திறந்தபோது
'ஓ' மட்டும் நழுவி வெளியேறிற்று.
துரத்திக்கொண்டு இறங்கியவன்
அது தெருவிளக்கைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்
கைகட்டி நின்றான்.
எங்கள் பஸ்ஸிலிருந்து முதலில் வானேறியது அதுதான்.
எடை இல்லை, சோதனை இல்லை.
டிக்கெட்டும் எடுக்கவில்லை என்றாள் ரேணவ்வா.

ஹெப்பாளில் ஆளுயரக் கண்ணாடியோடு ஒருவன்.
"எரடே ஸ்டாப், அக்கா."
போர்வை சுற்றிய கண்ணாடிக்கு
அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று
வழக்கு நடந்துகொண்டிருக்கையில்
போர்வை நழுவிற்று.
ஒரு பாலத்தின் நீளத்துக்கு
எல்லோரும் எல்லோரையும் பார்த்தோம்:
ஒல்லி மனிதரை, வளையல்காரியை,
வாய் திறந்து தூங்கும் சீருடையை,
ஓர் எழுத்துக் குறைந்த வரவேற்பை.
நடுவில் ஒருவன்
பெட்டியைக் கைப்பிள்ளையாய் அணைத்தபடி
செருப்பிலிருந்து எடுத்த இடது காலை
நீவிக்கொண்டிருந்தான்.
இவன் எதையோ கடத்துகிறான் என்று நினைத்தேன்.
பிறகுதான் பெட்டி அடையாளம் தெரிந்தது.

சாதஹள்ளி சுங்கச்சாவடி.
காலிஃபிளவர் லாரிகளுக்கு மேல்
தாழ்வாக ஒரு விமானம்,
சக்கரங்களை இன்னும் மடக்காமல்.

வருகை வாசலில் மூன்றாம் தூண் அருகே
ஆம்பூர் அதாவுல்லா
என் பெட்டியோடு நின்றார்.
"நான் ஒண்ணும் தொறக்கலீங்க."
நான் பச்சை நூலால் கட்டியிருந்த ஜிப்பில்
இப்போது வெள்ளை நூல்.
"நானும்தான்" என்றேன்.
என் பெட்டியில் இருந்ததை
இங்கே எழுதுவதாய் இல்லை.

திறக்காத பெட்டியைப் பற்றி
அவரே விளக்கினார்:
மாதிரிக்கு ஒத்தக்கால்தான் குடுப்பாங்க.
ஜோடியாக் குடுத்தா
பாக்குறவன் போட்டுக்கிட்டு நடந்துருவான்.

கைகுலுக்கி நாலடி போனவர்
திரும்பி என் கால்களைப் பார்த்தார்.
தொழில் தெரிந்த பார்வை.
"அந்தக் காப்பிக் கலரு
கடிச்சுதா?"

சுண்டுவிரல்கிட்ட, என்றேன்.
கொஞ்சம்.

சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்துக்
குறித்துக்கொண்டார்.