வழக்கு மணல்

பருத்தித்துறை நீதிமன்றிலிருந்து
அரக்கு முத்திரையோடு வந்தது
ஒரு கிலோ மணல்.
கூடவே தட்டச்சில் ஒரு கேள்வி:
இது எங்கிருந்து எடுக்கப்பட்டது?

ஒரு கரண்டி அள்ளி
ஐதான அமிலம் விட்டேன்.
பாதி சீறியது.
சிப்பி, சங்குக் குருணி, முருகைக்கல் தூள்;
தன் வீட்டைத் தானே கட்டி
அதற்குள்ளேயே செத்தவற்றின் சுவர்கள்
நுரைத்து, மூச்சு விட்டு
இல்லாமற் போயின.

மற்றப் பாதி அசையவில்லை.
குவார்ட்ஸ்.
ஆறே ஓடாத எங்கட மண்ணில்
ஆற்றின் பிள்ளை.
தெற்கே எந்த மலையோ
வெயிலில் வெடித்து மழையில் உதிர,
கூடப் பிறந்ததெல்லாம் களியாய்க் கரைய,
கரைய மாட்டேன் என்ற இது மட்டும்
உருண்டு உருண்டு கடல் சேர்ந்து,
சோளகத்துக்கு முன்னேறி
வாடைக்குப் பின்வாங்கி
கரையோரமாய் நடந்தே வந்திருக்கிறது.
எத்தனை ஆயிரம் வருசம்?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

காந்தத்தை நீட்டினேன்.
கறுப்பாய்ச் சில மணிகள்
எறும்பு போல் ஏறின.
வில்லைக்குக் கீழே
விளிம்பு மழுங்கி, மேனி மங்கி,
ஒன்றையொன்று அடித்துத் தேய்ந்த முகங்கள்.
தண்ணீர் இப்படித் தேய்க்காது.
காற்றின் வேலை.

எழுதினேன்:
மணற்காட்டு மேடுகளின் மணலை ஒத்தது.
கையொப்பம். திகதி.

கூண்டில் நின்ற ட்ரக்டர்காரன் அமலதாஸ்
என்னைப் பார்க்காமல் சொன்னான்:
"காத்து கொண்டந்து
என்ர வேலிக்குள்ள கொட்டினது, ஐயா.
அது பெர்மிற் எடுத்தே கொட்டினது?"
பின்வாங்கில் யாரோ சிரித்தார்கள்.
எழுபத்தையாயிரம் தண்டம்.

அவன் காசு எண்ணிக் கட்டும்போது
நான் மிச்சத்தை நிறுத்துத் திருப்பிக் கொடுத்தேன்.
பன்னிரண்டு கிராம் குறைவு.
எழுத்தர் ஏன் என்றார்.
கொஞ்சம் காற்றாய்ப் போயிற்று என்றேன்;
அவர் அதையும் பதிந்துகொண்டார்.

போன ஆவணியில்
எங்கள் மேல்வீட்டுக்கு நாலு லோட் இறங்கியது,
இரவு இரண்டு மணிக்கு, லைற் அணைத்து.
நான் அமிலம் எடுத்துக்கொண்டு போகவில்லை.
மேசன் பிலேந்திரன் ஒரு பிடி அள்ளி
நுனிநாக்கில் வைத்துத் துப்பிவிட்டு
"கரிக்குது" என்றான்.
பூசு என்றேன்.

இப்போது மாரி.
படிக்கட்டுச் சுவரில், தோளுயரத்தில்,
வெள்ளையாய்
உப்புப் பூத்திருக்கிறது.
துடைத்தால் போகிறது.
மறுநாள் இருக்கிறது.