நடுநிலைப் படம்

பாதிப் பேருக்கு விளம்பரப் பெண்கள்,
மீதிப் பேருக்கு வெறும் மலை.
ஆய்வு முறை அப்படி.
இடுப்பு, கழுத்தெலும்பு, ஈரக் கூந்தல் என்று பத்துப் படம்;
எதிர் அறையில்
ஆள் இல்லாத தேயிலைச் சரிவு பத்து.
பார்த்து முடித்ததும் ஒரே கேள்வித்தாள்:
ஒல்லியிலிருந்து பருமன்வரை ஒன்பது கோட்டுருவம்.
இப்போது நீ எது, எதுவாக விருப்பம்?
கழித்தால் வருவது அதிருப்தி.

கோத்தகிரியில் அன்று மூன்று மணிக்கே விளக்குப் போட்டோம்.
ஸ்வெட்டருக்குள்ள எல்லாரும் அஞ்சாம் நம்பர்தான் என்று
யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது.

மலை பார்த்தவர்களில்
சந்திரமலருக்கு மட்டும் நான்கு வந்தது.
கேள்வி புரியலையா என்றேன்.

"ஏழாவது படம் எங்க லைன் வீட்டுக்குப் பின்னால, மிஸ்.
நான் எட்டாவது படிக்கையில ஷூட்டிங் வந்தாங்க.
கையில்லாத சட்டையில அந்தக்கா ஆடுச்சு,
கட்டுன்னதும் கம்பளி போர்த்துவாங்க.
கொழுந்து பறிக்கிற மாதிரி நாலு பேர் வேணும்னு
எங்கம்மாவையும் நிக்க வெச்சாங்க.
அப்புறம் கொஞ்சம் தள்ளுங்க,
இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு
ரோட்டுக்கே கொண்டாந்து விட்டுட்டாங்க.
கூடைய மட்டும் வாங்கிக்கிட்டாங்க."

பேனா கையில்தான் இருந்தது.
தாளில் இதற்குக் கட்டம் இல்லை.

இரவு, விடுதி அறையில்
ஏழாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
பச்சை, சில்வர் ஓக் வரிசை,
வலது ஓரத்தில்
விரல்நுனி அளவு தார்ச்சாலை.
ஆள் யாரும் இல்லை.
இல்லை என்றுதான் தேர்ந்தெடுத்தேன்.